ஆற்றங்கரையில் நின்றுபோன கதை

போன ஐப்பசியில், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது இது.

ஞாயிறு என்றால் எங்கள் வீட்டில் கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து அதற்குள் புகுந்துகொள்வார்கள். பூதத்தை வெட்டுவதா ஓடுவதா என்பதை அவரவர் முடிவு செய்யலாம். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்வது நான். என் வீட்டுக்காரர் போர்வீரர். விழிதியூரிலிருந்து வரும் கம்ப்யூட்டர் டீச்சர் திருடி. என்னோடு ஆபீஸில் வேலை பார்த்த மண்டபத்தூர்த் தம்பி படகோட்டி. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தும், படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவன். "இங்கயாவது நான் துடுப்புப் போடுறேனேக்கா" என்று அந்த வேஷத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அவன் வேலை கிடைத்து துபாய்க்குப் போனதிலிருந்து விளையாட்டு உருப்படவில்லை. குறுக்கே ஆறு வந்தால் போதும், இரண்டு பேரும் கரையில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நீந்தலாம், பாலம் கட்டலாம். ம்ஹும்! "படகோட்டி வரட்டும்" என்பார் இவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஆயுசுக்கும் இங்கயே மீனைச் சுட்டுத் தின்னுங்க!" என்று கத்துவேன். அன்றன்றைய கதையை அவனும் படிக்கட்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போடுவேன். ஆரம்பத்தில் அங்கிருந்து ஒரு சிரிப்புப் பொம்மையாவது வரும். பிறகு அதுவும் நின்றுபோனது. எங்களை மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

அந்த மழை ஞாயிறன்று டீச்சர் லேப்டாப்போடு வந்தாள். அவன் போன பிறகு நான் எழுதிய கதையையெல்லாம் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு படம் செய்திருந்தாள். அதிகம் வந்த சொல் பெரிதாகவும் குறைவாக வந்தது பொடியாகவும், எல்லாம் கூடி ஒரு மேகம் போலத் தெரியுமாம். எது பெரிய சொல்லாக இருக்கும் என்று பந்தயம் வைத்தோம். இவர் 'வாள்' என்றார். நான் 'பூதம்' என்றேன். தோற்றவர் பஜ்ஜி போட வேண்டும்.

திறந்தாள். நடுவில் கொட்டை எழுத்தில் 'படகோட்டி'. வாளும் பூதமும் ஓரத்தில் எறும்பு மாதிரிக் கிடந்தன.

"ஆளே இல்லாத ஆட்டத்துல அவன்தான் பெருசா நிக்கிறான் பாரு" என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு அடுத்த பெரிய சொல் 'ஆற்றங்கரை'. கதையில் ஆற்றை வைப்பது நான்தானே? மலை வைத்திருக்கலாம், பாலைவனம் வைத்திருக்கலாம். வாராவாரம் ஆற்றைக் கொண்டுவந்து குறுக்கே போட்டுவிட்டு, இவர்களை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்! எனக்கும் அவன் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

படத்தைக் குழுவில் போட்டுவிட்டு பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. அவன்தான். இளைத்திருந்தான்.

"ஒண்ணு விடாம படிச்சேங்க்கா. பதில் போட்டா அன்னிக்கே ஊருக்கு ஓடியாந்துடுவேனோன்னு பயமா இருந்துச்சு" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, ரெண்டு பேரும் ஏறுங்க. அக்கா, நீங்க பகடைய உருட்டுங்க" என்றான்.

உருட்டினேன். வெள்ளம், சுழல், முதலை என்று என்னால் முடிந்த மட்டும் இழுத்தடித்தேன். எல்லாவற்றையும் தாண்டி அவர்களை அக்கரையில் இறக்கிவிட்டான். அப்படியே அவனும் கூட வருவான் என்று நினைத்தோம்.

"நீங்க போங்க. நான் படகோட இங்கயே நிக்கிறேன். திரும்பி வர்றப்ப ஆளு வேணும்ல?" என்றான். அடுப்பில் எண்ணெய் புகைந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

இப்போது எங்கள் கதை மலைக்குள் எங்கோ போய்விட்டது. அவனுக்கு இன்னும் லீவு கிடைக்கவில்லை. திரும்பும் வழியை மட்டும் நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. அவன் எங்கள் கூடத்தில் வந்து உட்காருகிற ஞாயிறன்றுதான் கதையை அந்த ஆற்றங்கரைக்குத் திருப்புவேன்.