எட்டடித் தொட்டியும் என் நாத்தனாரும்

எங்கள் வீட்டுக் கூடத்தில் எட்டடி நீளத்துக்கு ஒரு கடல்நீர் மீன் தொட்டி இருக்கிறது. மதுரை தல்லாகுளத்தில் கடலுக்கு என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ரிட்டயர் ஆன பெண்கள் கோயில் குளம் என்று போவார்கள், கொஞ்சம் துணிந்தவர்கள் காசிக்குப் போவார்கள். எனக்குக் கடல்மீன் வளர்க்க ஆசை. ஏன் என்று கேட்டால் சுள்ளென்று கோபம் வரும். பிடித்தது, வைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீசில் ஃபைல் தள்ளியவளுக்கு இதுகூட இல்லையா?

முதல் தடவை நான் செய்த கூத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தொட்டி வைத்து, பாறை அடுக்கி, உப்புக் கரைத்து, தண்ணீர் பக்குவப்படும் வரை இரண்டு மாதம் பொறுமையாகத்தான் இருந்தேன். சிம்மக்கல் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிற மீன் கடைக்குள் கால் வைத்ததும் அந்தப் பொறுமை எங்கே போனதோ தெரியவில்லை. கலர் கலராகப் பதினோரு மீன் வாங்கினேன். எது அழகோ அது. புடவைக் கடையில் எடுப்பது மாதிரிதான் எடுத்தேன். "அக்கா, ஒரேடியா விடாதீங்க. தனியா ஒரு தொட்டியில வச்சுப் பாத்துட்டு விடுங்க" என்று கடைக்காரர் சொன்னார். எனக்கா அதெல்லாம் காதில் ஏறும்? அன்றைக்கே எல்லாவற்றையும் பெரிய தொட்டியில் விட்டு, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஐந்தாம் நாள் ஒரு மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். பதினைந்தாம் நாள் தொட்டியில் ஒன்றுகூட இல்லை. பாறையில் ஒட்டி வாழும் சின்னச் சின்ன உயிர்கள் செத்துவிடும் என்பதால் அந்தத் தொட்டியில் மருந்தையும் ஊற்ற முடியாது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றையும் கொல்லையில் நான்தான் புதைத்தேன்.

என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, எழுமலையில் இருக்கிறாள். ஆடு வளர்க்கிறாள். நாற்பது உருப்படிக்குக் குறையாத மந்தை. உசிலம்பட்டிச் சந்தையில் ஆண் வியாபாரிகளே அவள் கை வைத்து நல்லது என்ற ஆட்டை இரண்டாவது தடவை சோதித்துப் பார்க்க மாட்டார்கள். மீன் செத்த விஷயம் கேள்விப்பட்டு அவள் போன் பண்ணினாள். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிட்டாள் என்று இன்றைக்கு நம்புகிறேன். ஆனால் அவள் வாயில் வந்தது இது: "உசுரு வளக்க ஒரு கை வேணும் மதினி. அது எல்லாருக்கும் அமையாது."

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லிவிட்டால் மீதியை நான் விளக்க வேண்டியதில்லை. போனை வைத்தவள்தான், ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. தீபாவளிக்கு வந்தாள். சோறு போட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வருஷமும் தொட்டியில் மீன் கிடையாது. மோட்டாரை மட்டும் நிறுத்தவில்லை. உப்பின் அளவு பார்ப்பேன், வெயிலில் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் விடுவேன், கண்ணாடியைத் துடைப்பேன். "வெறும் தண்ணிக்கா இம்புட்டுக் கரண்டு?" என்று வருகிறவர்கள் சிரித்தார்கள். நான் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தேன். இன்னும் ஒரே ஒரு தடவை. அதிலும் சாகடித்தேன் என்றால், அவள் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, தொட்டியை யாருக்காவது கொடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சோபாவைப் போட்டுவிடுவது. அந்த ஒரு தடவைக்குத் தைரியம் வராமல்தான் வருஷம் ஓடியது.

இந்தப் பங்குனியில் நாத்தனாருக்குக் கண்புரை ஆபரேஷன். மதுரையில்தான் செய்ய வேண்டும், அண்ணன் வீட்டில்தான் தங்க வேண்டும். வேறு வழி? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கை நடுங்கும். ஆக, நான்தான்.

பேசாமல் ஒருத்தியின் கண்ணில் மருந்து விடுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முகத்துக்கு நேரே முகம். இமையை விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. மருந்துக் குப்பியும் கையுமாக, "அன்னைக்கு அந்த வார்த்தையை எப்படித்தா சொன்ன?" என்று கேட்டுவிட்டேன்.

மல்லாந்து படுத்திருந்தவள் அசையவில்லை. "சொன்னேன். போன வச்சதுக்கப்புறம் நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாமுன்னு இருந்துச்சு. நான் மீனத்தான் சொன்னேன் மதினி. ஒனக்கு எங்க போயி உறைக்குமுன்னு நெனக்கல. கிறுக்கச்சி நான்" என்றாள்.

"கிறுக்கச்சிதான்" என்றேன். மருந்தை விட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். கோபம் முழுசாகப் போய்விடவில்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு இருந்தது.

ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் காட்டிவிட்டு ஆட்டோவில் திரும்பும்போது, சிம்மக்கல்லில் மீன் கடையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எனக்குத் தோன்றியது. "நீ ஆட்டோலயே இரு" என்றேன். "நானும் வாரேன்" என்று எனக்கு முன்னால் இறங்கிவிட்டாள்.

அன்றைக்குத்தான் சென்னையிலிருந்து லோடு வந்திருந்தது. நான் நேராக ஒரு மீனின் முன்னால் போய் நின்றேன். நீல உடம்பில் மஞ்சள் கோடுகள், அகலத் தட்டு மாதிரி ஒரு மீன். ஏஞ்சல் என்றார் கடைக்காரர். எட்டடித் தொட்டியில் அது திரும்புகிற அழகை அங்கேயே பார்த்துவிட்டேன். "இது வேணும்" என்றேன்.

நாத்தனார் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "தம்பி, இதுக்கு இரை போடுங்க."

"இப்பத்தான் வந்து இறங்குச்சு. அப்புறமா சாப்பிடும்க்கா."

"அப்புறம் திங்கிறத அப்புறம் வந்து வாங்கிக்கிறோம். இப்பப் போடுங்க."

போட்டார். ஏஞ்சல் இரையை வாயில் வாங்கித் துப்பியது. மறுபடியும் மூலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. "பாரு மதினி, தலைக்குப் பின்னால குழி விழுந்து கெடக்கு. மேமூச்சு வாங்குது. கழிச்சல் வெள்ளையா நூலா வருது. இது ஆடா இருந்தா ஓசிக்குக் குடுத்தாலும் நான் பிடிச்சிட்டு வர மாட்டேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "இது ஆடு இல்ல, கடல்மீன். ஒனக்கு என்ன தெரியும்?"

"கடல நான் பாத்தது கூட இல்ல. பசிச்சது எது, நோவாளி எதுன்னு தெரியும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அந்தக்கா சொல்றது சரிதாங்க. ரெண்டு வாரம் வச்சுத் தேத்தித்தான் நானே விக்கணும்" என்று உண்மையை ஒத்துக்கொண்டார். அவர் அப்படிச் சொல்லாமல் தலையாட்டியிருந்தால் நான் வீம்புக்காகவே அதை வாங்கியிருப்பேன். அந்த மனிதருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு தொட்டிக்கும் இரை போடச் சொன்னாள். எது முதலில் ஓடி வருகிறது, எது ஒதுங்கி நிற்கிறது, எது அடுத்ததை விரட்டுகிறது என்று ஒரு கண்ணால் பார்த்தாள். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட குட்டி மீன் ஒன்றை, சாகவே சாகாது என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். "சாகாது, மத்ததச் சாகடிக்கும். முட்டுற கெடா. வேணுமின்னா எல்லாத்துக்கும் கடைசியில விட்டுக்க" என்று தள்ளிவிட்டாள். பிறகு ஒரு மஞ்சள் மீன் முன்னால் நின்றுவிட்டாள். நம் ஊர் மீன் மார்க்கெட்டில் ஓரா என்று விற்பார்களே, அந்த வகை. மூக்கு நீண்டு, முகத்தில் கறுப்புக் கோடு. முதுகு முள்ளில் விஷம் உண்டு. அது கண்ணாடியில் படிந்திருந்த பச்சைப் பாசியைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. "ஆத்தாடி, மேயுது மதினி! மூஞ்சியும் ஆட்டு மூஞ்சி!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

கடைசியில் ஏழு உருப்படி. மேய்கிற மஞ்சள் ஓரா ஒன்று, ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி, கூட்டமாகத் திரிகிற பச்சைக் குட்டி மீன் நான்கு. எல்லாம் போட்ட இரையை மிச்சம் வைக்காமல் தின்றவை. என் கண்ணுக்கு ஒன்றும் பெரிய அழகாகத் தெரியவில்லை.

கடைக்காரர் ஒரு பழைய நான்கடிக் கண்ணாடித் தொட்டியைக் கொடுத்தார். பின்கட்டு அறையில் வைத்து, ஏழையும் அதில் விட்டேன். ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது என் திட்டம். "ஒரு வாரமா? புது ஆட்ட ஒரு வாரத்துல பட்டியில சேத்தா மந்த என்னத்துக்கு ஆகும்? உள்ள இருக்கிற நோவு வெளிய வர நாளாகும்" என்றாள். எட்டாம் நாள், எல்லாம் நன்றாகத் தின்கின்றன என்று வலையை எடுத்துக்கொண்டு போனேன். அவள் நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் இருவர் சத்தமும் தெருவுக்குக் கேட்டிருக்கும். வலையை விட்டெறிந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அவள்தான் கூப்பிட்டாள். ஆபரேஷன் செய்த கண்ணால் அவள் பார்த்தது, என் மூக்குக்கண்ணாடிக்குத் தட்டுப்படவே இல்லை. மஞ்சள் மீனின் துடுப்பு ஓரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், தூள் உப்பு ஒட்டினாற்போல.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். "கடைக்காரரக் கூப்பிட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லு. என்னால இன்னொரு தடவ பாக்க முடியாது. எனக்கு அமையாதுத்தா" என்றேன். அன்றைக்கு மத்தியானம் அவள் ஊருக்குப் போக வேண்டியது. பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

"எந்திரி மதினி" என்றாள். "பெரிய தொட்டிக்குப் போகல, இங்கதான இருக்கு? இங்க மருந்து ஊத்தலாமுல்ல? எந்திரி."

செம்பு கலந்த மருந்து. கொஞ்சம் குறைந்தால் நோய் போகாது, கொஞ்சம் கூடினால் மீன் போய்விடும். தினமும் தண்ணீரை எடுத்துச் சோதித்து, அளந்து ஊற்ற வேண்டும். நாலு வாரம். அவள் பையைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டாள். குனியக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, ஆகவே அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். "பச்சையில ஒண்ணு இன்னைக்குப் பிந்தி வருது. மஞ்சளுக்குப் புள்ளி கொறஞ்சிருக்கு. ஊத்து, அம்புட்டுதான், போதும்." வாளி தூக்கியது, அளந்தது, கழுவியது எல்லாம் நான். மருந்து ஆரம்பித்த பத்தாவது நாள் பச்சை மீன் ஒன்று செத்தது. நான் அழ ஆரம்பிக்குமுன், "ஆறு இருக்கு. ஆறப் பாரு" என்று அதட்டினாள். பார்த்தேன். ஆறும் பிழைத்தன.

மருந்து வாடையெல்லாம் போன பிறகு, ஒரு காலை வேளையில் ஆறையும் பெரிய தொட்டியில் விட்டேன். எட்டடித் தண்ணீரில் ஆறு மீன் எந்த மூலைக்கு? இருந்தாலும் மஞ்சள் ஓரா நேராகப் பாறைக்குப் போய், ஒரு வருஷமாக வளர்ந்து கிடந்த பாசியை மேய ஆரம்பித்தது. நாங்கள் மூன்று பேரும் காபி ஆறுவது தெரியாமல் நின்றோம். மறுநாள் அவளைப் பஸ் ஏற்றிவிடும்போது, "நீ இல்லாட்டி ஒண்ணும் நடந்திருக்காது" என்றேன். "நான் ஒரு சொட்டுத் தண்ணியத் தொட்டேனா? எல்லாம் நீ செஞ்சது" என்று சொல்லி ஜன்னல் சீட்டைப் பிடிக்க ஓடினாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் வீட்டுக்காரர் போன் பண்ணினார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அடுத்த கண் ஆபரேஷனுக்கு நாள் கேட்டுவிட்டு, பேச்சோடு பேச்சாக, "இந்தத் தடவ நாள் கூட்டாம அனுப்பி வச்சிருத்தா. போன தடவ இவ பக்கத்துல இருந்து சொல்லியிருந்தாக்கூட அந்தச் செவல ஆடு தப்பிச்சிருக்கும். குட்டி குறுக்க மாட்டிக்கிச்சு. எனக்கு உள்ள கைய விட்டுத் திருப்பத் தெரியல. தாயும் போச்சு, குட்டியும் போச்சு" என்றார்.

என்றைக்கு என்று கேட்டேன். அவள் ஊருக்குப் போகாமல் பையை உள்ளே கொண்டுவந்து வைத்தாளே, அதற்கு மறுநாள். முந்தின நாளே ஆடு நிலைகொள்ளாமல் நிற்கிறது என்று அவளுக்குப் போன் போயிருக்கிறது. அந்தச் செவலை ஆடு அவள் பால்புட்டி வைத்து வளர்த்தது என்பது எனக்குத் தெரியும். ஒரு மாதம் என் கூடவே உட்கார்ந்திருந்தவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

உடனே அவளைக் கூப்பிட்டேன். ஹலோகூடச் சொல்லவில்லை. "ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன்.

"சொல்லியிருந்தா என்னையப் பஸ் ஏத்தி விட்டுருப்ப."

"விட்டுத்தான் இருப்பேன்! நான் வச்சிருந்தது ஏழு மீனுடி."

"இங்க ஆட்டப் பாக்க மூணு பேரு இருந்தாக மதினி. அங்க நீ தரையில ஒக்காந்திருந்த" என்றாள்.

அறுபத்திரண்டு வயதுக்காரி, கூடத்தில் நின்று ஓவென்று அழுதேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். போனில் அவள், "அழுவாத. அதுகளுக்கு இரை போட்டியா, இல்லையா?" என்று கேட்டாள்.

போடவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே போய்ப் போட்டேன். ஆறும் வந்து தின்று முடிக்கிற வரைக்கும், ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.