காட்டு வாசல்ல ஒரு ஜோடி ஷூ

ஐம்பது வயசுல, வெறுங்காலோட, போலீசுக்குப் பயந்து பெரணிச் செடிக்குப் பின்னாடி ஒளிஞ்சவன் நான். அவங்க தேடினது என் பொணத்தைன்னு அப்ப எனக்குத் தெரியாது.

நம்ம ஊர்ல வெயில் கொளுத்துற ஏப்ரல்லதான் இந்த நாட்டுல முதல் குளிர்மழை. அது விழுந்ததும், நாங்க குடியிருக்கிற ரானுயில இருந்து காரை எடுத்துக்கிட்டு மேற்கே காட்டுக்குப் போயிடுவேன். மக்கின மரத்துல தீக்குச்சித் தலை அளவு முளைக்கிற காளானை, போன்ல குட்டி லென்ஸ் மாட்டிப் படம் எடுக்கிறது என் பைத்தியம். இந்த வருஷம் கூடுதலா இன்னொரு பைத்தியம். இங்கயே நிரந்தரமாத் தங்க ரெசிடென்ஸுக்கு எழுதிப் போட்டு மாசக்கணக்காச்சு, பதிலைக் காணோம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஈமெயிலைத் திறந்து பாத்துக்கிட்டே இருந்தேன். "போய் உங்க காளானையாவது பாருங்க"ன்னு பொண்டாட்டிதான் தொரத்தி விட்டா.

காட்டு வாசல்ல பிரஷ்ஷும் மருந்துத் தண்ணியும் வெச்சிருப்பாங்க. கௌரின்னு இந்த ஊர் ராட்சச மரம், அதோட வேருக்கு ஒரு நோய். சேறு வழியாப் பரவுது, அதனால ஷூவைத் தேச்சுட்டுப் போன்னு போர்டு. என் ஷூவுல ஒரு வாரச் சேறு. தேய்க்கச் சோம்பல். கோயில் வாசல்ல பண்றதையே பண்ணேன். கழட்டி ஓரமா ஜோடியா வெச்சு, படம் எடுக்கக் கீழ படுத்துப் புரளும்போது தொலைஞ்சிடப் போகுதுன்னு பர்ஸையும் கார் சாவியையும் உள்ள சொருகிட்டேன். அவ்வளவு புத்தி.

உள்ள இன்னொரு போர்டு: பாதையை விட்டு இறங்கினா அபராதம். நான் தேடின காளான் பாதையில இருந்து ரெண்டு கை தூரத்துல நின்னுச்சு. ஆரஞ்சுக் கலர், தலையில ஒரு துளி தண்ணி. ரெண்டு பக்கமும் பாத்துட்டு இறங்கினேன். சார்ஜ் தீரக் கூடாதுன்னு போனை ஏரோப்ளேன் மோடுல போட்டுட்டு, குப்புறப் படுத்தேன். மூச்சு விட்டாலே படம் ஆடுது. எவ்வளவு நேரம் கிடந்தேன்னு தெரியல.

திடீர்னு என் பேரைச் சொல்லி யாரோ கூப்பிட்டாங்க. முழுப் பேரையும், அரசாங்கக் கடுதாசியில இருக்கிற மாதிரி, தடுக்கித் தடுக்கி. வாக்கி டாக்கி கரகரன்னுது. இலைக்கு நடுவுல கருநீல பேன்ட்.

பேர் வரைக்கும் கண்டுபிடிச்சிட்டாங்களே! அபராதம்னா நான் வேலை பாக்கிற மாங்கரே கார்கோ ஷெட்டுல ஓவர்டைம் பாத்துக் கட்டிடலாம். போலீஸ் கேஸ்னு ஆச்சுன்னா ரெசிடென்ஸ் காலி. இங்க யுனிவர்சிட்டியில படிக்கிற பொண்ணு உட்பட எல்லாரும் மூட்டை கட்டணும். பல்லி மாதிரி பின்னாலயே ஊர்ந்து, பெரணிச் செடி மறைவுல காலை மடக்கிக்கிட்டேன். அவங்க என்னைத் தாண்டிப் போனாங்க. திரும்பி வந்தாங்க. "ஓடையிலயும் பாத்துடலாம்"னு ஒரு குரல். ஓடையில என்ன காளான்னு நெனச்சேன்.

அப்புறம் கேட்ட குரல்தான் என்னை எழுப்பிச்சு.

"என்னங்க... என்னங்க!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் பொண்டாட்டி அப்படி அலறிக் கூப்பிட்டதில்ல. தலையில இலையோட எழுந்து நின்னேன்.

நடக்க வந்த ஒரு நரைத்தலை வெள்ளைக்காரம்மா, போகும்போதும் வரும்போதும் அதே இடத்துல ஷூவைப் பாத்திருக்காங்க. உள்ள பர்ஸ், சாவி. ஆளைக் காணோம். எவனோ சாகத்தான் உள்ள போயிருக்கான்னு போலீசைக் கூப்பிட்டுட்டாங்க. பர்ஸ்ல இருந்த லைசென்ஸைப் பாத்து போலீஸ்காரம்மா என் நம்பரைத் தேடி அடிச்சா, போன் ஆஃப். அப்புறம் வீட்டுக்கு அடிச்சிருக்காங்க, பொண்டாட்டி டாக்சி புடிச்சு ஓடி வந்திருக்கா. நரைத்தலையம்மா என் காலைப் பாத்து, "காலும் சேறு சுமக்கும், தெரியுமா?"ன்னு கேட்டாங்க. மூணு பொம்பளைங்க முன்னாடி ஷூ பிரஷ்ஷால உள்ளங்காலைத் தேச்சேன். கூச்சம் வேற.

போலீஸ்காரம்மா நோட்டுல ஏதோ எழுதினாங்க.

"மேடம், இது ரெக்கார்டுல ஏறுமா? எனக்கு ரெசிடென்ஸ் பெண்டிங்."

"நீ உயிரோட இருக்கேன்னு எழுதுறேன்"னாங்க.

அது நல்ல பதிலா கெட்ட பதிலான்னு வழி பூரா யோசிச்சேன். பொண்டாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினதும், சமாதானமா இருக்கட்டும்னு ஆடாம விழுந்திருந்த ஒரே ஒரு காளான் படத்தைக் காட்டினேன். போனை வாங்கி, விரலால பெருசாக்கிப் பாத்தா.

"உங்களுக்கு முன்னாடி இதுக்குத்தான் குடுப்பாங்க ரெசிடென்ஸ். போலீஸைப் பாத்துட்டு இது ஓடல."