சாட்சி சொன்ன பிறகும் வந்த பயம்

முதலில் கைதான் மரத்துப்போனது. அபிராமபுரத்தில் என் இஸ்திரி வண்டியில் ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். விரல் நுனியில் எறும்பு ஊறியது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. மூச்சு பாதியில் நின்றது. செத்தேன் என்று நினைத்தேன். இஸ்திரிப் பெட்டி அசையாமல் நின்று சட்டையில் பழுப்புத் தடம் விழுந்தது. முப்பது வருடத் தொழிலில் நான் கருக்கிய முதல் துணி அது.

மகள் மெர்சி ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அந்த மாதமே இன்னும் இரண்டு முறை போனோம். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் முறை மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்ன வயசுப் பெண்.

"உங்க இதயம் நல்லா இருக்கும்மா. இது பதற்ற நோய்" என்றார். (ஆபத்து ஒன்றும் இல்லாதபோதும், ஆபத்து வந்ததுபோல உடம்பு நடந்துகொள்வது.)

"பயமா? எனக்கா? புருஷன் செத்த மூணாம் மாசம் கரிப்பெட்டியத் தூக்கினவ நான். எனக்கு இன்னா பயம்?"

"பயம் இல்லாம இல்லம்மா. பயப்பட உங்களுக்கு நேரம் இல்லாம இருந்துது."

வெளியே வந்ததும் மெர்சி சிரித்தாள். "உனக்குன்னே ஒரு ஆளு மாட்டிக்கினாங்க பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மயிலாப்பூரில் எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் (சாப்பிடாமல் கூடி ஜெபிப்பது) மற்றவர்கள் தலையில் கை வைத்து ஜெபிக்கிறவள் நான். என் குரல் மாட வீதி வரைக்கும் கேட்கும் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும். அப்படிப்பட்டவள் பயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

இரண்டு மாதம் சாப்பிட்டேன். பயம் குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பாஸ்டர் எனக்காக ஜெபித்தார். அதன் பிறகு ஒரு வாரம் நெஞ்சு படபடக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் (ஆண்டவர் செய்த நன்மையைச் சபைமுன் எழுந்து சொல்வது) எழுந்து நின்றேன். சொல்லச் சொல்ல எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். அந்தச் சூட்டில், "மாத்திரையக் குப்பைல போட்டுட்டேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

உண்மையில் மாத்திரை அப்போது என் பைக்குள் இருந்தது. சொன்ன வாயைக் காப்பாற்றத்தான் வீட்டுக்குப் போய் அதைக் குப்பையில் போட்டேன்.

மூன்றாம் வாரம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது பயம் திரும்பியது. முன்னைவிட மோசம். லஸ் நிறுத்தத்தில் இறங்கி ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சாட்சி சொன்னவள் மறுபடி அதே நோய்க்கு ஜெபம் கேட்டால் விசுவாசம் இல்லாதவள் என்பார்களே! மூட்டு வலி என்று சொல்லி வெள்ளிக்கிழமை போவதை நிறுத்தினேன். தனியாக ஜெபித்தேன். ஜெபமா அது? 'எடுத்துப்போடும், இப்பவே எடுத்துப்போடும்' என்று ஆண்டவரை அதட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் மெர்சி வேலையிலிருந்து நேரே வண்டிக்கு வந்தாள்.

"ராணி பாத்திரம் தேய்க்கிற வூட்ல வுழுந்துட்டா. ஒரு பக்கம் கை வரல."

ராணி எங்கள் சபைக்காரி. அடுத்த சந்து. பத்து வருடமாகப் பிரஷர் மாத்திரை (இரத்த அழுத்தத்துக்கு) சாப்பிடுகிறவள்.

"மாத்திரை சாப்பிடறவதானே?"

மெர்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. "நிறுத்திட்டாளாம். நீ குப்பைல போட்டேன்னு சொன்னியே. அத்தக் கேட்டுட்டு."

ஆஸ்பத்திரி வார்டில் ராணிக்கு வாய் லேசாகக் கோணியிருந்தது. பேச்சு குழறியது. "நீ வுட்டுட்டு நல்லாத்தானே கீற. அதான் நானும் வுட்டுப் பாத்தேன்க்கா."

"நான் நல்லா இல்லடி. அது திரும்பி வந்துடுச்சு."

என்னையே பார்த்தாள். "அப்ப ஏன்க்கா சொல்லல?"

அவளுடைய செத்த கையை மடியில் வைத்துக்கொண்டேன். நெஞ்சு தடதடக்கத் தொடங்கியது. கத்தி ஜெபிக்க அங்கே முடியாது. கேட்கவும் எனக்கு முகம் இல்லை. "ஆண்டவரே, நாங்க ரெண்டு பேரும் இங்க கீறோம்" என்று மட்டும் உதட்டுக்குள் சொன்னேன். மறுபடி அதையே. எத்தனை முறை என்று தெரியாது. பயம் உச்சிக்கு ஏறியது, நின்றது, மெதுவாக இறங்கியது. நான் சாகவில்லை. பயம் ஏறுவதும் இறங்குவதும் முழுதாக, ஓடாமல் இருந்து பார்த்தது அன்றைக்குத்தான். அப்படி ஒரு அமைதி, என்னால் ஒருத்தி விழுந்து கிடந்த கட்டிலோரத்தில் கிடைத்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்தேன். "போன தடவை நான் சொன்னதுல பொய் இருந்துது" என்று ஆரம்பித்தேன். அல்லேலூயா வரவில்லை. பாஸ்டர், "உக்காருங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்றார்.

"இல்ல ஐயா, முடிச்சிடறேன்" என்றேன். மாத்திரை, பை, குப்பை, ராணி எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்காக ஜெபிங்க" என்று கேட்டு உட்கார்ந்தேன். பிறகு பின்வரிசையில் ஒரு பெண் தாழ்ந்த குரலில் ஜெபிக்கத் தொடங்கினாள்.

மறுபடி மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டர் கோபிக்கவில்லை. "எப்பக் குறைக்கறதுன்னு நான் சொல்றேன், நீங்களா முடிவு பண்ணிச் சபைல சொல்லாதீங்க" என்றார். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதேதான். ஜெபியுங்கள். மாத்திரையும் சாப்பிடுங்கள். யார் எழுந்து சாட்சி சொன்னாலும், நானே சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ராணியின் இடது கை இன்னும் ஒரு டம்ளரைப் பிடிக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் போய் ஒரு ரப்பர் பந்தை அமுக்க வைக்கிறேன். மன்னித்தாளா என்று கேட்கவில்லை. போன வாரம், "இன்னாக்கா, இன்னிக்கு இவ்ளோ லேட்டா வர்ற?" என்றாள்.

முன்பெல்லாம் என் நேரத்தைத் துணியில் கணக்கிடுவேன். பத்து சட்டை ஒரு மணி. உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது விரலில் எறும்பு ஊறினால் பெட்டியை ஓரமாக, தாங்கியில் வைத்துவிடுகிறேன். நேற்று ஓர் அம்மா புடவைக்குக் காத்திருந்தபோது பயம் வந்தது.

"இன்னாம்மா, நின்னுட்ட?"

"ஒரு ஜெப நேரம் குடுங்கம்மா. அப்புறம் உங்க புடவை" என்றேன்.

அவர் நின்றார். நானும் நின்றேன். துணி கருகவில்லை.