ஃபிலோவுக்குக் கிடைத்த தமிழ்த் தகப்பன்

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகசாலை ஆண்டு விழா. பேச வந்தவர் ரிட்டயரான தமிழாசிரியர். எந்த மொழிச் சொல்லைக் கொடுத்தாலும் இரண்டே நிமிஷத்தில் அதற்கு ஒரு தமிழ்த் தகப்பனைக் கண்டுபிடித்துவிடுவார்.

டிபனுக்கு ஒரு புது இனிப்பு. காகிதத்தைவிட மெல்லிசான மாவு ஏடுகள், நடுவில் முந்திரி, மேலே சர்க்கரைப் பாகு. கொண்டுவந்தவர் மன்னார்புரத்தில் பேக்கரி வைத்திருக்கும் அருளப்பன். யுத்த காலத்தில் கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.

"இந்த மாவுக்கு என்னங்க பேரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஃபிலோன்னு சொல்லுவாங்க" என்றார் அருளப்பன்.

ஆசிரியருக்கு அது போதாதா? "பீலின்னா மயிலிறகு. இறகு மாதிரி லேசு. பீலி, பீலோ, ஃபிலோ. நம்மகிட்டேருந்து போனதுதான்" என்றார். கைதட்டல்.

"இல்லீங்க ஐயா" என்றார் அருளப்பன், மெதுவாக. "அது கிரேக்கப் பாஷை. இலைன்னு அர்த்தம். எனக்குக் கத்துக்கொடுத்தவர் அந்த நாட்டுக்காரர்தான்."

"மாவு பிசையற இடத்துல சொல்லாராய்ச்சி வராதுப்பா. தட்டை வெச்சிட்டுப் போ."

சபை சிரித்தது. நானும்தான்... அருளப்பன் தட்டை வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.

மனசு உறுத்தியது. மறுநாள், கிரேக்கம் படித்த ஒரு பாதிரியாரிடம் போய்க் கேட்டேன். "இலைதான். அந்த பேக்கரிக்காரர் சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றார்.

நேரே ஆசிரியர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனிதர் அசரவில்லை.

"இலையா? இன்னும் நல்லதாப் போச்சு. முன்னால இருக்கிற 'ஃப்'பைத் தள்ளிட்டா இலோ. இலோதான் இலை. அடுத்த கூட்டத்துல இதையே சொல்லிடறேன்."

"அப்ப பீலி?"

"அதை வேற சொல்லுக்கு வெச்சுக்கலாம்."

"அருளப்பன்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவன்கிட்ட எதுக்கு?"

இவர்களையா தமிழுக்குக் காவல் வைத்திருக்கிறோம்? வீடு நிறையப் பாத்திரம் இருக்கிறவன், அடுத்தவன் கொல்லையில் கிடக்கிற சட்டியையும் தன்னுடையது என்று ஏன் தூக்கிக்கொண்டு வரவேண்டும்? அதிலும், சட்டிக்காரனையே விரட்டிவிட்டு?

டவுன் பஸ் பிடித்து மன்னார்புரம் போனேன். பாதிரியார் சொன்னதைச் சொன்னேன். அருளப்பன் மாவு தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரிஞ்சதுதானேங்க. தெரியாதவங்க அத்தனை பேரும் அங்கதான உக்காந்திருந்தாங்க? அவங்ககிட்டல்ல சொல்லணும்."

சிரித்தவர்களில் பாதிப் பேராவது பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்: ஃபிலோ என்றால் இலை — அருளப்பன் சொன்னதுதான் சரி.