பீனோ சாரும் அலுமினிய டம்ளரும்

கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்துக்குத் தரும் திராட்சரசக் கிண்ணத்தைத் தவிர வேறெங்கும் மது தொட்டறியாத மனிதருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘பீனோ சார்’. இறையியல் கல்லூரியில் வேதாகமக் கிரேக்கம் நடத்தினார். பீனோ என்றால் ‘குடிக்கிறேன்’. அந்த ஒரே வினைச்சொல்லில் மாதக்கணக்கில் முங்கிக் கிடப்பார். நிகழ்காலத்தில் சாதுவாக நிற்கும் பீனோ, இறந்தகாலத்தில் எபியோன் என்று ஆளே மாறிவிடும். எதிர்காலத்தில் பியோமாய் என்று வேறு விகுதியை மாட்டிக்கொண்டு வரும். மனிதன் தண்ணீர் குடிப்பதற்கும் நிலம் மழையைக் குடிப்பதற்கும் இதே சொல்தான் என்னும்போது அவர் குரல் தழுதழுக்கும். மேசைமேல் தேநீர் ஆறி ஆடை கட்டியிருக்கும்.

கல்லூரி முதல்வர் பதவி காலியானது. அதன்மேல் அவருக்குக் கொள்ளை ஆசை. கொடுக்க வேண்டியவர் நிர்வாகத் தலைவர், கோயிலில் முன்வரிசைக்காரர்.

அந்தக் கோயிலில் முன்வரிசைகளுக்கு வெள்ளிக் கிண்ணம். துப்புரவுக்காரர்கள் உட்காரும் கடைசி பெஞ்சுக்கு அலுமினிய டம்ளர். போதகர் இரண்டையும் ஒரே ஜெபத்தில் ஆசீர்வதிப்பார். கழுவுவது மட்டும் வேறு வேறு வாளியில். கடவுளை நம்புகிறவர்களுக்காவது கூச்சம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சனிக்கிழமை பீனோ சார் வீட்டில் பாடம் ஒத்திகை பார்த்தார். ‘பியெத்தே’, குடியுங்கள். கட்டளை, பன்மை. கடைசி விருந்தில் கிண்ணத்தை நீட்டி இயேசு சொன்னது. கூடவே ‘இதிலிருந்து எல்லாரும்’. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“எல்லாரும்னா, கடைசி பெஞ்சுமா?”

“இலக்கணப்படி ஆமா.”

“அப்ப அந்த டம்ளர்?”

“அது நிர்வாக விஷயம்மா.”

“நல்லா இருக்குங்க. காலமெல்லாம் குடின்னு சொல்லிக் குடுக்குறீங்க. யாரு எதுல குடிக்கணும்னு மட்டும் தலைவர் சொல்லணுமா?”

மறுநாள் கோயிலில் தலைவர் அவர் தோளைத் தட்டி, முதல்வர் நாற்காலி ஏறக்குறைய உறுதி, யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்று காதில் ஓதினார். மரியாதைக்காகக் கிண்ணம் முதலில் அவரிடமே வந்தது. வாங்கியவர் உதட்டில் வைக்கவில்லை. எழுந்தார். நடுவழியே கடைசி பெஞ்சுவரை போய், சாக்கடை சுத்தம் செய்யும் அம்மாளிடம் நீட்டினார்.

“கொஞ்சம் மிச்சம் வைக்கணுமா சார்?”

“உங்க இஷ்டம்மா.”

அந்த அம்மாள் தாகத்தோடு வந்திருந்தார் போலும். ஒரே மூச்சு. கிண்ணம் காலி. முன்வரிசை மொத்தமும் வறண்ட வாயோடு உட்கார்ந்திருந்தது. போதகர் இதற்கு ஏற்ற வசனம் தேடிப் புத்தகத்தைப் புரட்டினார்.

முதல்வர் பதவி தலைவரின் மருமகனுக்குப் போனது. கிரேக்க எழுத்தைப் பார்த்தால் கணக்குச் சூத்திரம் என்று நினைக்கும் பிள்ளை. கிண்ணத்துக்கும் கூட்டம் போட்டார்கள். கடைசி பெஞ்சின் உதடு பட்டதை இனி தொட மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சலில்லை, கிருமி என்றார்கள். ஆளுக்கொரு குட்டிக் கண்ணாடிக் கிண்ணம் வாங்க முடிவாயிற்று. கடையில் ஒரே ரகம்தான் இருந்தது. அதனால் எல்லாருக்கும் அதுவே.

புதுக் கிண்ணம் வந்த ஞாயிறு அந்த அம்மாள் சாரை வாசலில் மடக்கினார்.

“உங்களுக்கு நாற்காலி போச்சாமே?”

“போகட்டும்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி கிண்ணம் வந்துச்சுல்ல.”

“வந்துச்சு. உதடுகூட நனையல. டம்ளர்னா நாலு வாயாவது தேறும். கொஞ்சம் பெருசா வாங்கச் சொல்லுங்க சார், எல்லாருக்கும்தான்.”

பீனோ சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தலைவரைத் தேடி உள்ளே போனார்.