கேட்காமல் திருப்பிய தட்டு

ஒசெல்லா கிரென்ஷாவை எங்கள் தெருவில் யாரும் சாது என்று சொன்னதில்லை. வாய்க்காரி என்றுதான் சொல்வோம். அவளுடைய இசைத்தட்டுக் கடைக்கும் என் தலையலங்காரக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அவள் யாரைத் திட்டினாலும் அது என் காதில் விழாமல் போகாது.

அமெரிக்காவின் தெற்கே, பெசிமர் ஊர் இரும்பாலையில் வேலை செய்யும் கறுப்பர்களின் தெரு எங்களுடையது. ஒசெல்லா முன்பு சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டவுனில் வெள்ளைக்காரர் கடைக்குப் போனால் நாங்கள் தட்டு வாங்கலாம், போட்டுக் கேட்க மட்டும் கூடாது. அதற்கென்று இருந்த அறை அவர்களுக்குத்தான். எங்கள் காது பட்டால் தட்டு தேய்ந்துவிடுமோ என்னவோ! ஒருநாள் ரோஷம் பொங்கி, இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வந்து சொந்தமாகக் கடை திறந்தாள். கடைக்கு ஒரே சட்டம்தான்: கேட்காமல் யாரும் எதையும் வாங்கக் கூடாது, வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது.

"முதல்ல காதைக் கொடு, அப்புறம் வாயைத் திற" என்பாள். யாராக இருந்தாலும் இதே பேச்சுதான்.

டீக்கன் லெமுவேல் பேட்டிலிடம் மட்டும் அது பலிக்கவில்லை. எங்கள் சபையின் மூத்தவர் அவர். அவருடைய ஒரே மகன் ரோஸ்கோ, ப்ளூஸ் என்னும் சோகக் காதல் பாட்டைப் பாடி ஒரு தட்டு வெளியிட்டிருந்தான். சபைக்காரர்களுக்கு ப்ளூஸ் என்றால் சாத்தானின் பாட்டு. டீக்கன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"சிஸ்டர், என் பையன் தட்டை இங்க விக்காதீங்க."

"கேட்டுட்டுச் சொல்லுங்க, டீக்கன்."

"கேக்கவே வேண்டாம். உங்க அம்மா அடக்கத்துல ஜெபம் பண்ணினவன் நான். எனக்காகச் செய்ங்க."

வாய்க்காரி வாயடைத்துப் போனாள். மிச்சமிருந்த தட்டுகளைக் கட்டி, வந்த இடத்துக்கே அனுப்பிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! "ஊரையே மிரட்டுவே, அந்த மனுஷனைக் கண்டா மட்டும் பூனையாயிடுறியே" என்று கத்தினேன்.

வியட்நாம் போருக்குப் புறப்படும் முன் ரோஸ்கோ அவளிடம் வந்தான்.

"அப்பாவுக்குப் பிடிக்கலையா, ஒசெல்லாம்மா?"

"பிடிக்கலை, கண்ணு" என்றாள். அவர் கேட்கவே இல்லை என்பதைச் சொல்லவில்லை. பெற்ற அப்பன் கேட்கக்கூட மாட்டேன் என்றான் என்று எந்த வாயால் சொல்வது என்று நினைத்தாளாம்.

ரோஸ்கோ போரிலிருந்து சவப்பெட்டிக்குள் வந்தான். அதையும் திறக்கக் கூடாது என்றுவிட்டார்கள் பட்டாளத்துக்காரர்கள். அடக்கம் முடிந்த வாரம் டீக்கன் மறுபடி கடைக்கு வந்தார். ஒசெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வீட்டுல அவன் சட்டை இருக்கு, செருப்பு இருக்கு. குரல் இல்ல. அந்தத் தட்டு ஒண்ணு வேணும், சிஸ்டர்."

ஒசெல்லாவிடம் ஒன்றுகூட இல்லை. கடையைப் பூட்டிவிட்டு வீடு வீடாகப் போனாள். துணைக்கு நானும் போனேன். முதல் வீடு, ஆலயத்தில் எல்லோரையும் முறைத்துக்கொண்டு நிற்பாளே, அந்த சிஸ்டர் ஜெனிவா வீடு.

"அந்தக் கண்றாவியெல்லாம் என் வீட்டுலயா? கர்த்தரே!"

"ஜெனிவா, நீ வாங்கினப்ப உறை போட்டுக் கொடுத்ததே நான்தான். டீக்கனுக்குத்தான் கேக்குறேன், எடு."

ஜெனிவா உள்ளே போய் மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். அதை அவள் போட்டுப் போட்டுக் கேட்டதில் தட்டு தேய்ந்து வெளுத்திருந்தது.

ஒசெல்லா டீக்கனைக் கடைக்கு வரவழைத்து, கதவைச் சாத்தி, தட்டின் மேல் முள்ளை வைத்தாள். எங்கள் சபையில் டீக்கன் ஓர் அடியைத் தொண்டையிலிருந்து இழுத்துப் பாடுவார். நாங்கள் எல்லோரும் அதையே இன்னும் நீட்டித் திருப்பிப் பாடுவோம். ரோஸ்கோ பாடியதும் அதே இழுப்புதான், அப்பன் மூச்சு விடும் இடத்தில்தான் அவனும் மூச்சு விட்டான். வார்த்தை மட்டும் ஓடிப்போன ஒரு காதலியைப் பற்றியது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். இவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஓர் அடியைப் பாடிவிட்டு அவன் நிறுத்தினான். கிடார் மட்டும் ஒலித்தது. அந்த இடைவெளியில், வாழ்நாளெல்லாம் முதலடி எடுத்துக் கொடுத்த டீக்கன், சபை பாடுவதுபோல அவனுக்குத் திருப்பிப் பாடினார்.

பாட்டு முடிந்தது.

"நான் இதைக் கேக்கலைன்னு அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஒசெல்லா நினைத்திருந்தால், 'தெரியும்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"தெரியாது, டீக்கன். கேட்டுட்டுத்தான் பிடிக்கலைன்னு சொன்னீங்கன்னு நினைச்சுக்கிட்டுப் போனான். நான்தான் அப்படி நினைக்க விட்டேன்."

அவர் அடித்திருந்தால்கூட அவள் நின்று வாங்கியிருப்பாள். அவர் முதன்முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மறுபடி வைங்க, சிஸ்டர். நீங்களும் கூடப் பாடுங்க" என்றார்.