வெளுத்த தாலி

1951, ஐப்பசி: எனக்கு டைபாய்டு. என் மனைவி கோமதி உதறும்போது தெர்மாமீட்டர் கட்டில் சட்டத்தில் பட்டு உடைந்தது. பாதரசம் அவள் தாலியில் தெறித்தது. தங்கம் வெளுத்தது.

1952, மார்கழி: கோமதி மாரடைப்பால் காலமானாள்.

1953, சென்ற வாரம்: மகள் அந்தத் தாலியைக் கேட்டாள்.

நிகழ்ந்தவை இவ்வளவே. கல்லூரியில் ரசாயனம் கற்பித்தவன் என்ற முறையில் சிறு விளக்கம் தர அனுமதியுங்கள்.

வெளுத்தது வெறும் பூச்சு அன்று. பொன்னும் பாதரசமும் குறித்த விகிதத்தில் பிணைந்து, தனியொரு சேர்மமாகிவிடுகின்றன. பொன்னின் மஞ்சள் அதில் இல்லை. பாதரசத்தின் ஓட்டமும் இல்லை. துடைத்தால் போகாது. சூடேற்றினால் பாதரசம் ஆவியாகும், பொன் மிஞ்சும். கலசங்களுக்குப் பொன்முலாம் பூசுவதும் இந்தக் குணத்தைக் கொண்டுதான்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு இதெல்லாம் எதற்கு?

"ஏட்டி கோமதி! அவுக காய்ச்சல்ல கெடக்காக, தாலி இப்படி வெளுத்துப் போச்சே!"

காய்ச்சல் தணிந்ததும் கோமதியிடம் சொன்னேன் — ஆசாரியிடம் கொடு, தீயில் காட்டினால் பழைய நிறம் வந்துவிடும்.

"உங்க ரசாயனத்தக் காலேஜோட வச்சுக்கிடுங்க. நீங்க இருக்கும்போது தாலியக் கழத்தித் தீயில போடச் சொல்லுதீகளே... நல்லாருக்கா?"

"வெள்ளையா இருக்கே?"

"இருந்துட்டுப் போகுது. நீங்க எந்திரிச்சு உக்காந்துட்டீகள்லா?"

ஓராண்டுக்கு மேல் அதையே அணிந்திருந்தாள். சகுனம் என்னைச் சுட்டியது. மரணம் அவளை அழைத்துக்கொண்டது. இப்போது எதிர்வீட்டு அம்மாள், "மகராசி, பூவும் பொட்டுமா போயிட்டா" என்கிறார். அதே தாலி, அதே வெண்மை. நம் தீர்ப்புகளைவிட உலோகம் உறுதியானது, இல்லையா?

பேத்திக்கு வைகாசியில் திருமணம். அவளது தாலிக்குப் பொன் உருக்கும்போது இதையும் சேர்க்க வேண்டும் என்பது மகளின் விருப்பம்.

"அம்மாவோட ஆசி, அப்பா. பிள்ள கழுத்துல கெடக்கட்டும்."

ஆசாரியிடம் காட்டினேன்.

"ரெண்டு ஊது ஊதுனா மஞ்சளாயிரும், சார்வாள். குடுத்துட்டுப் போங்க."

கொடுக்கவில்லை. அந்த வெண்மை போய்விட்டால், என் காய்ச்சலருகே அவள் குனிந்து நின்றதற்கு வேறு தடயம் இல்லை. ஆனால், பிணைப்பைப் பிரித்தால்தானே பொன் இன்னொரு கழுத்துக்குப் போகும்? வீடு திரும்பி, மகளிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் செய்யாதவை:

தாலியை ஆசாரியிடம் சேர்ப்பது.

உலையை வெளியே, காற்றோட்டத்தில் வைக்கச் சொல்வது. பாதரச ஆவி நஞ்சு.

அது எழும்போது நான் தள்ளி நிற்பது — இது மட்டும் முடியுமென்று தோன்றவில்லை.